பிள்ளை மடுவத்துப் பால் கணக்கு

என்னிடம் ஒரு பழைய சீ.ஆர். கொப்பி இருக்கிறது. மட்டை எப்போதோ போய்விட்டது. உள்ளே தாளெல்லாம் சாயத் தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. 1987இல், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில், தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தில், எந்தப் பிள்ளை எவ்வளவு பால் குடித்தது என்று நான் எழுதி வைத்த கணக்கு அது. ‘கு’ என்றால் குடித்தது. ‘பா’ என்றால் பாதி. ‘வே’ என்றால் வேணாம் என்று உதட்டை இறுக்கிக்கொண்டது. பக்கத்துக்குப் பக்கம் ‘வே’ தான் அதிகம்.

இந்தக் கொப்பியைத் திரும்ப எடுத்ததற்குக் காரணம் என் பேரன். வயது ஐந்து. மகள் பண்டாரவளையில் வேலை செய்கிறாள், பிள்ளை பகலில் என்னோடு. பால் தம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே, “நாறுது அம்மாயி” என்று திரும்பிக்கொள்வான். தயிரும் வேணாம், கீரையும் வேணாம். வெறுந் தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்தால் மூன்று வேளையும் சம்மதம். மகளுக்குக் கவலை: “பல்லு, எலும்பு எல்லாம் என்னத்துக்கு ஆகும்? கல்சியமே போகலியேம்மா.” போதாததற்கு, “இந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் இப்படியொரு வாய்?” என்றும் கேட்டாள்.

இந்தப் பிள்ளைக்கு மட்டுமில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் வாயை நான் தினம் பார்த்தவள். அந்த வாய் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

என் அப்பாயி நாமக்கல் பக்கத்துக்காரி. சின்னப் பிள்ளையாக மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி வந்தவள். அந்தக் கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அப்பாயி வந்தபோது தண்டவாளம் பதுளைவரை வந்திருக்கவில்லை. பாதி வழி ரயில், மீதி வழி நடை. ஊரில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், “கேப்பக்களி, கம்மங்கூழு. நெல்லுச்சோறு தீவாளிக்குத்தான்” என்பாள். சேலம், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று ஆள் கட்டப்பட்டு வந்த வறண்ட சீமைகளில் ஏழைக் குடியானவனின் அடுப்பில் வெந்தது பெரும்பாலும் புஞ்சைத் தானியந்தான். கேப்பை என்கிற கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் தேறினால் அதிகம். இந்தக் கணக்கெல்லாம் அப்பாயிக்கு யார் சொன்னார்கள்? அவளுக்குக் கேப்பை என்றால் வறுமை, அரிசி என்றால் கௌரவம். ஆள் கட்ட வந்த கங்காணி ஊர்ச் சாவடியில் காட்டிய ஆசையே, கண்டிச் சீமையில் மூன்று வேளையும் நெல்லுச்சோறு என்பதுதான்.

அதில் பொய்யில்லை. தோட்டம் அரிசி கொடுத்தது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசியைத் துரைமார் அளந்து போட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தபோதும் அரிசி அந்தக் கூலிக் கணக்கிலேயே இருந்தது. காசோடு அரிசி, அரிசியோடு கடன். அந்த அரிசி மூட்டையோடு ஒரு சொல்லும் செத்துப்போனது. என் அம்மா காலத்திலேயே லயத்தில் ‘கேப்பை’ என்று யாரும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அதே தானியம் பசறைக் கடைக்கு ‘குரக்கன்’ என்ற சிங்களப் பெயரோடு வந்தது. அதை நாங்கள் கிராமத்தாரின் சாப்பாடு என்று நினைத்தோம். லுணுகலை தாண்டி பிபிலைப் பாதையில் இறங்கினால் சேனைக்குச் சேனை விளைகிற பயிர் அது. நம் பாட்டிமாரின் களிதான் இது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிறகு மா வந்தது. 1942இல் ரங்கூன் ஜப்பான்காரர் கையில் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. இலங்கை முழுக்கப் பங்கீடு, கோதுமை மா. மற்ற இடங்களில் யுத்தம் முடிந்தபின் சோறு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. தோட்டத்திலோ ரொட்டி வந்தது வந்ததுதான், திரும்பிப் போகவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. விடியற்காலை நாலரைக்கு எழும்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்டி, புருஷனுக்கும் பிள்ளைக்கும் கொடுத்து, மலைக்கும் கட்டிக்கொண்டு போக வேண்டிய பெண்ணுக்குக் கறி இல்லாமலே ஒப்பேறும் சாப்பாடு ரொட்டி. கட்டச் சம்பல் இருந்தால் போதும். தேயிலைத் தூள் தோட்டத்திலேயே கிடைக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, நக்கிக்கொண்டே சாயத் தண்ணியைக் குடித்துவிட்டு மலையேறுவாள். தாய் குடிப்பதைத்தானே பிள்ளையும் கேட்கும்? பல் முளைக்காத பிள்ளைக்கு ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து ஊட்டியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நானே என் மகளுக்கு ஊட்டியிருக்கிறேன். அவளுக்கு இது தெரியாது, இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

இங்கே ஒரு பக்கவாட்டுச் செய்தி. யுத்தத்துக்கு முன்பே, கடலுக்கு அந்தப் பக்கம், இன்னொரு தேயிலை மலையில் பிள்ளைகளின் சாப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நீலகிரியில் குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு 1935இல் இயக்குநராக வந்தவர் அய்க்ராய்ட். அவரும் கிருஷ்ணன் என்ற சக ஆய்வாளரும், அரிசிச் சோற்றிலேயே வளர்ந்த தென்னிந்தியப் பிள்ளைகளுக்குக் கொழுப்பெடுத்த பால்மாவைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். உயரமும் எடையும் நன்றாகவே ஏறின. 1937இல் அதை வெளியிட்டார்கள். பாலில் எது வேலை செய்தது என்று பார்க்க, அடுத்ததாக ஒரு குழந்தைப் பள்ளியில் பாலே இல்லாமல் கல்சியம் லாக்டேட்டை மட்டும் கொடுத்தார்கள். அதற்கும் பிள்ளைகள் வளர்ந்தன. 1938இல் லண்டன் மருத்துவ இதழொன்றில் அது வந்தது. அரிசிச் சோற்றின் பெரிய ஓட்டைகளில் ஒன்று சுண்ணாம்புச் சத்து என்று தெரிந்துபோயிற்று. கொழும்பிலும் ஆள் இல்லாமலில்லை. லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் இலங்கைப் பிள்ளைகளின் ஊட்டக் குறைவைப் பற்றி முப்பதுகளில் விடாமல் எழுதினார், 1938இல் வெப்பமண்டல நாட்டு உணவு பற்றித் தடித்த புத்தகமே போட்டார். தெரியாமல் நடந்தது என்று சொல்ல இடமில்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருந்தது, அது தேயிலைச் செடியைப் பற்றியது. கவ்வாத்து வெட்டும் சுற்று வரும்போது மலைக்கு டொலமைட் போடுவார்கள். மண் மிதமிஞ்சிப் புளித்துப் போகாமலிருக்க வெள்ளைப் பொடி மூட்டை மூட்டையாக வரும். அதுவும் கல்சியந்தான், மக்னீசியம் கலந்தது. செடிக்கு எத்தனை வருஷத்துக்கொரு முறை, ஏக்கருக்கு எவ்வளவு என்று கணக்கு சுத்தமாக இருக்கும். நான் குறை சொல்லவில்லை, செடிக்கு வேண்டியதுதான் அது.

பால் எங்களிடம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. லயத்துக்குப் பின்னால் மாட்டுப்பட்டி இல்லாத தோட்டத்தை ஊவாவில் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பசு இருந்தது, பெயர் லெச்சுமி. கன்று போட்ட முதல் நாட்களில் சீம்பால் எங்களுக்கு. அதற்குப்பின் விடிய முன் கறந்து, அலுமினியக் கேனில் ஊற்றி, அப்பா தலையில் வைத்துக் கொண்டு ரோட்டுக்கு இறங்குவார். பால் சேர்க்கும் வாகனம் ஏழு மணிக்கு வரும். அந்தப் பால் காசில்தான் என் பாடசாலைச் சப்பாத்து, அண்ணனின் கொப்பி, தீபாவளிக்குச் சீத்தை. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்து மலை காய்ந்தால் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும், கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறும். அதே காற்றில் புல் கருகும், லெச்சுமியின் மடி சுருங்கும். அந்த மாதங்களில் பாலுமில்லை, பால் காசுமில்லை. 1977க்குப் பிறகு கடைகளில் அங்கர் பால்மா பக்கெட் வந்தது. வேற்றுநாட்டுப் பசுவின் பால் மலையேறி வந்தது, எங்கள் பசுவின் பால் மலையிறங்கிப் போய்க்கொண்டேயிருந்தது.

1973, 74 பஞ்சத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எனக்குப் பதினான்கு வயது. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் தின்றோம். வேலை கிடைத்துப் பேர் விழுந்த நாளும் குறைவு, பங்கீட்டு மாவும் குறைவு. 1974இல் தோட்டங்களில் சாவு ஏறியது அரசாங்கப் பதிவுகளிலேயே இருக்கிறது. எங்கள் லயத்தில் தொங்கல் வீட்டுக்காரர்கள் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தார்கள்.

எழுபத்தைந்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. எண்பதுகளில் வெளிநாட்டு நிதியும் வந்து பிள்ளை மடுவங்களைத் திருத்திக் கட்டினார்கள். அதற்கு முன் மடுவம் என்றால் தகரக் கொட்டில், குறுக்குக் கம்பத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஆட்டிவிட ஒரு வயசான கிழவி. நான் சேர்ந்தபோது சிமெந்துத் தரை, சின்னக் கக்கூஸ், படம் வரைந்த சுவர் எல்லாம் இருந்தன. தாய்மார் காலை ஏழுக்குள் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பால் கொடுக்க இடையில் ஓடி வருவார்கள். சட்டத்தில் அவர்களுக்கு இடைவேளை உண்டு. ஆனால் மலை தூரமென்றால் இடைவேளையில் பாதி நடையிலேயே போய்விடும்.

காலை பத்துக்குப் பால். என் கொப்பி தொடங்குவது அங்கேதான். பால்மா, சீனி, கொதித்த தண்ணி. கிடைத்தது 400 கிராம் பக்கெட், பிள்ளைகள் முப்பத்தெட்டு. ஒரு பக்கெட்டை இரண்டு நாளைக்கு ஓட்டச் சொல்லியிருந்தார்கள். நான் ஓட்டினேன். அந்தக் கணக்கை இத்தனை வருஷம் கழித்துப் பேரனின் பால் தம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தேன். 400ஐ 76ஆல் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஐந்தே கால் கிராம். நூறு கிராம் பால்மாவில் கிட்டத்தட்ட 950 மில்லிகிராம் கல்சியம். ஆக ஒரு தம்ளரில் ஐம்பது. நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டியது 550 என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020ஆம் ஆண்டுப் பட்டியல். அமெரிக்கப் பட்டியல் நான்கு முதல் எட்டு வயதுக்கு 1000 என்கிறது. (இந்த இரண்டுக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். நாங்கள் கொடுத்தது இரண்டுக்கும் பக்கத்தில் போகவில்லை.)

அதைவிட மோசம் ருசி. ஐந்து கிராம் மாவை ஒரு தம்ளர் தண்ணியில் கரைத்தால் அது பாலுமில்லை, தேத்தண்ணியுமில்லை. வெந்நீர் மணக்கும், அடியில் கட்டி தங்கும். பிள்ளை ஒரு வாய் வைத்துத் துப்பினால், “இந்த லயத்துப் புள்ளைகளுக்குப் பால் ஒத்துக்காது” என்று நான் சொல்வேன். மேற்பார்வைக்கு வருகிறவர்களும் தலையாட்டுவார்கள். ‘வே’ என்று எழுதுவேன். ஒருநாள் ஒரு மூன்று வயதுப் பயலின் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். புரையேறி, கக்கி, முகமெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. முதுகில் தட்டிக் கீழே சாய்த்து உயிரை மீட்டேன். அவன் தாயிடம் சொல்லவில்லை. அதற்குப்பின் அந்தப் பயலின் பெயருக்கு நேரே ஆறு மாதம் தொடர்ந்து ‘வே’. அந்த ஆறு மாத ‘வே’ அவன் வாயால் வந்ததில்லை, என் கையால் வந்தது.

அதே பயல் மடுவத்துச் சுவரில் புதுசாய் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றான். “பாலை வேணாங்கிற புள்ள சொவத்தைத் திங்குதே” என்று பெண்கள் சிரித்தார்கள். தோட்டத்து மருந்து வீட்டில் காட்டியபோது பூச்சி மருந்தும் இரும்புச் சத்து மருந்தும் கொடுத்தார்கள். இரத்தம் குறைந்த பிள்ளைகள் மண்ணையும் சுண்ணாம்பையும் தேடுவதுண்டாம். காலையிலிருந்து குடித்த சாயத் தண்ணி சாப்பாட்டிலிருந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதையும் அன்றுதான் கேட்டேன்.

மடுவத்தில் வேலை செய்தது பால் இல்லை, திரிபோஷா. 1973இல் வந்த திட்டம் அது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்த்து, பின்பு ஜா-எலயில் அரைத்துப் பக்கெட்டில் போட்டது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசம். கஞ்சியாகக் காய்ச்சினால் அதற்கும் ‘வே’ தான். ஒருநாள் பக்கத்து லயத்துக் கிழவி வந்து பார்த்துவிட்டு, “தண்ணியா ஊத்தாத ஆத்தா, கையில புடிக்கிற மாதிரி குடு” என்றாள். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து எலுமிச்சை அளவுக்கு உருட்டினேன். உருண்டையைக் கையில் வாங்கியதும் பிள்ளைகள் மடுவத்து வாசலுக்கு ஓடி, வெயிலில் உட்கார்ந்து கடித்துத் தின்றன. எலும்புக்குச் சுண்ணாம்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வெயில் கொடுக்கும் டி விட்டமின் என்பதும், பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் மழைமாதம் முழுக்க அடைந்து கிடக்கும் பிள்ளைக்கு அது எட்டாது என்பதும் எனக்கு அன்று தெரியாது. கொப்பியில் அந்தப் பக்கம் மட்டும் ‘கு’வால் நிறைந்திருக்கிறது. தின்றதற்குத் தனி எழுத்து நான் யோசிக்கவில்லை.

பிறகு தோட்டங்கள் 1992இல் கம்பனிகளுக்குப் போயின. பிள்ளை மடுவம் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ ஆனது, நான் உத்தியோகத்தர் ஆனேன். பலகையில் பெயர் மாறினாலும் கிழவிகள் ‘மடுவம்’ என்றுதான் சொன்னார்கள். 2016ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார அளவையில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7. அது கல்சியத்தால் மட்டும் வந்ததில்லை. தாயின் எடை, பீலித் தண்ணி, வயிற்றுப்போக்கு, காம்பராவுக்குள் அடுப்புப் புகை எல்லாம் அதில் சேர்ந்தன.

2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாய் ஆனது. தோட்டத்து நாட்சம்பளம் அப்போது ஆயிரம், அதுவும் சொன்ன கிலோ கொழுந்து பறித்தால். ஒரு நாள் மலையேறி இறங்கிய பெண் ஒரு பக்கெட் வாங்கினால் கையில் மீதி 210. இத்தனைக்கும் நம் ஊவாவிலேயே, புத்தலைப் பக்கம் பெல்வத்தையில், பால்மாத் தொழிற்சாலை இருக்கிறது. அந்த வருஷம் பசறைச் சந்தியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றபோது என் பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள்: “தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி போட்டா வெள்ளையாயிரும், அது போதும்.” ஒரு தேக்கரண்டி நான்கு கிராம், நாற்பது மில்லிகிராம் கல்சியமும் இல்லை. வெள்ளையானதெல்லாம் பால் என்று நாங்கள் மூன்று தலைமுறையாக நம்பினோம்.

மகளுக்கு நான் சொன்னது இதுதான். அவனைப் பாலுக்குப் பழக்க வேண்டாம், அவன் வாய்க்கு ஏற்கனவே தெரிந்த வழியில் போவோம். ரொட்டி அவன் விட மாட்டான், விட வேண்டாம். கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா கலந்தேன். முதல் நாள், “ஏன் கறுப்பா இருக்கு?” என்றான். ஒரு துண்டு தின்றான், மீதியை நாய்க்குப் போட்டான். இரண்டாம் வாரம் தேங்காய்ப்பூவைக் கூட்டிப் போட்டு மெல்லிசாகத் தட்டினேன், கேள்வி கேட்கவில்லை. குரக்கனை ஒரு இரவு ஊறவைத்து முளைகட்டி, காய வைத்து அரைத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். நேரமிருக்கும் வாரம் அப்படிச் செய்கிறேன், இல்லாவிட்டால் கடை மா. ரொட்டியோடு தேத்தண்ணி கொடுப்பதில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் கொடுக்கிறேன்.

சம்பலுக்கு நெத்தலி. சின்ன நெத்தலியாய்ப் பார்த்து வாங்கி, தலையைக் கிள்ளி, இரண்டு தண்ணியில் உப்புப் போகக் கழுவி, துணியில் ஒற்றி, கொஞ்சம் எண்ணெயில் சலசலவென்று பொரிய விடவேண்டும். முள் முறுகி உடைகிற பதம்தான் முக்கியம். முள்ளை எடுத்து எறிந்தால் கல்சியத்தையும் எறிந்தோம். வெங்காயம், கொஞ்சம் காய்ந்த மிளகாய், கடைசியில் தேசிக்காய்ப் புளி. கருவாட்டு வாசம் லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் நாறாது. பால் மட்டும்தான் நாறும்.

போன சனிக்கிழமை என் கொப்பியின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பேரனின் பெயரை எழுதினேன். திங்கள் ரொட்டி ‘பா’. செவ்வாய் ‘கு’. புதன் ‘வே’, அன்று தடிமன். வியாழன் ரொட்டி ஒன்றரை, நெத்தலி பதினாறு. வெள்ளி பால் கொடுத்துப் பார்த்தேன், ‘வே’.